அவரைப் பந்தலில் அசுவினி

தொண்ணூறுகளின் கடைசியில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கொல்லை என்று பேர். நாலு புடவை உலர்த்தினால் நிறைந்துவிடும். அதில் ஆடி மாதம் அவரை விதை ஊன்றினேன். ஐப்பசி மழையில் கொடி பந்தலை மூடி, மதிலைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குள்ளும் இறங்கிவிட்டது. மார்கழிப் பனியில் அசுவினிப் பூச்சி வந்தது. பூக்காம்பு முழுக்கக் கடுகை அப்பிவைத்ததுபோல் கறுப்பாக, தொட்டால் பிசுபிசுவென்று.

என் கணவர் கடையில் பூச்சிமருந்து வாங்கிவந்து வாளியில் கரைக்கப் போனார். மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தாள். அவர்கள் நெசவுக்காரர்கள். சாயம் தோய்த்த பட்டு நூலை அந்த மதிலோரம்தான் மூங்கில் கழியில் உலர்த்துவாள்.

“டீச்சர், மருந்து கிருந்து அடிச்சிடாதீங்க. இந்தப் பக்கம் தொங்குற காயைத்தான் நாங்க பறிச்சி ஆக்கிக்கினு இருக்கோம்.”

எங்கள் பக்கம் காயே நிற்கவில்லையே என்று நான் ஒரு மாதமாக எருவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை. மருந்துப் புட்டியைக் கடையிலேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

பள்ளிக்கூடத்தில் உடன் வேலை பார்த்தவர் சாம்பல் தூவச் சொன்னார். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. டீக்கடையில் கேட்டு ஒரு டப்பா சாம்பல் வாங்கிவந்து, சனிக்கிழமை காலையில் இலை ஈரமாக இருக்கும்போதே தூவினேன். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்கவில்லை.

“டீச்சர், இங்க கொஞ்சம் வந்து பாருங்க.”

அரக்கு நிற நூல், இன்னும் ஈரம் காயாதது, முழுக்கச் சாம்பல் புள்ளி. அவள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லிவிட்டு வந்திருப்பேன். அன்று மதியம் வரை அவளோடு உட்கார்ந்து நூலை அலசி உதறிப் போட்டேன். நல்லவேளை, கறை பிடிக்கவில்லை. அசுவினியும் போகவில்லை.

அடுத்தது வேப்பெண்ணெய். தண்ணீரில் ஊற்றினால் மேலேயே மிதந்தது. சோப்பு கரைத்தால் கலக்கும் என்றார்கள். கரைத்தேன், ஒரு கை கூடுதலாகவே. மூன்றாம் நாள் பூவெல்லாம் உதிர்ந்தது. அசுவினி அப்படியே இருந்தது.

அந்த வாரம்தான் தளிர்களில் ஒரு புதுப் புழுவைப் பார்த்தேன். கறுப்பாக, முள் முள்ளாக, முதுகில் ஆரஞ்சுப் பொட்டோடு. இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம் என்று முடிவு கட்டினேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குச்சியால் தட்டிவிட்டு, செருப்புக் காலால் நசுக்குவேன். ஒரு வாரம் தவறாமல் செய்தேன். இத்தனை நாளில் ஒழுங்காக நடந்த வேலை அது ஒன்றுதான் என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, நூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவள் மெதுவாகக் கேட்டாள்.

“டீச்சர், அத்த இன்னாத்துக்குக் கொல்றீங்க? அதான அந்தக் கறுப்புப் பேனைத் தின்னுக்கினு இருக்குது.”

குனிந்து பார்த்தேன். புழுவின் வாயில் ஒரு அசுவினி காலை உதறிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெறும் தோலாகிவிட்டது. பொறிவண்டின் இளம்புழு அது.

“உனக்கு இது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும். நீங்க டீச்சராச்சே, எதுனா காரணம் இருக்கும்னு உட்டுட்டேன்.”

மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். அவள் வீட்டில் இறங்கிய கொடியில் தளிர் சுத்தமாக இருந்தது. அங்கே அந்தப் புழுக்களை யாரும் நசுக்கவில்லை.

அதன்பிறகு நான் செய்தது கொஞ்சம்தான். அசுவினி அதிகம் அப்பியிருந்த நுனிகளைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டேன். அசுவினி கசியவிடும் இனிப்புக்காக எறும்புகள் ஏறிவந்து புழுக்களை விரட்டிக்கொண்டிருந்தன. பந்தல் காலிலும் கொடியின் அடியிலும் வேப்பெண்ணெய் நனைத்த துணியைக் கட்டினேன். அவள் தன் பக்கத்துப் புழுக்களை ஒரு இலையில் எடுத்து மதில்மேல் நீட்டினாள். வாங்கிக் கொடியில் விட்டேன்.

பொங்கலுக்கு அவரைக்காய் சந்தையில்தான் வாங்கினேன். தை கடைசியில் புதுத் தளிர் வந்து, திரும்பப் பூத்தது. நாலைந்து முறை பொரியல் செய்யும் அளவுக்குக் காய் கிடைத்தது. கடைசிப் பொரியலைச் சாப்பிட்டுவிட்டு என் கணவர், அடுத்த வருடம் பீர்க்கையும் போட்டுப் பார்க்கலாமே என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.