படிக்கட்டில் வைத்த ரசமட்டம்

மம்சாபுரத்துப் பொன்னுராஜ் டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த முதல் வாகனம் டிராலி. நான்கு சக்கரம், மேலே ஒரு பெஞ்சு, பின்னால் தள்ளிக்கொண்டு ஓட ஆட்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையிலான மீட்டர்கேஜ் பாதையில் அவர் அதில் உட்கார்ந்து போனதைவிட இறங்கி நடந்ததே அதிகம். ஒரு தண்டவாளம் மற்றதைவிட விரற்கடை தாழ்ந்திருப்பதாகச் சந்தேகம் வந்தால் போதும், இறங்கிவிடுவார். குறுக்கே பலகையைப் போட்டு, அதன் மேல் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக்குள் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை கேங்மேன்களைத் தண்டவாளத்துக்கு அடியில் கல் அடைக்கச் சொல்வார்.

ஊரில் அவருக்கு டிராலி சார் என்று பெயர். தொண்ணூறுகளில் மதுரையில் பெரிய அதிகாரியாகி, அறை வாசலில் பித்தளைப் பெயர்ப்பலகை வந்த பிறகும் ராஜபாளையத்தில் அந்தப் பெயர் மாறவில்லை. புரட்டாசி சனிக்கிழமைகளில் அந்த அதிகாரி விடுப்பு போட்டுவிட்டு, சாரணர் உடுப்பில், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துத் திருவண்ணாமலை அடிவாரத்தில் பையன்களோடு நிற்பார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவருக்குச் சனிக்கிழமை பெருமாள் மலையில் என்ன வேலை என்று புதிதாய் வந்தவர்கள் கேட்பார்கள். மயங்கி விழுகிறவர்களைத் தூக்குகிற வேலை. அது ஏறக்குறைய நின்றே போயிருக்கும், 1987இல்.

சாரணர் படையை அவர் தொடங்கியது அதற்கு மூன்று வருஷம் முன்னால். கேங்மேன் வீட்டுப் பிள்ளைகள், மில் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், கடைக்காரர் பிள்ளைகள் என்று கலந்துதான் வந்தார்கள். வந்த முதல் வாரமே பெற்றோர் வந்து நின்றார்கள். எங்கள் தெருப் பையன்களைத் தனி அணியாகப் போடுங்கள் என்றார் ஒருவர். அப்படியானால் எங்களுக்கும் தனி அணி என்றார் அடுத்தவர்.

பொன்னுராஜ் அவர்களோடு வாதாடவில்லை. கேங்கில் தண்டவாளம் தூக்கும் முறையை எடுத்துக்கொண்டார். இரும்பு இடுக்கியால் கவ்வி, இந்தப் பக்கம் ஒருவன் அந்தப் பக்கம் ஒருவனாகத் தூக்குவார்கள். ஜோடியில் ஒருவன் நெட்டை, ஒருவன் குட்டை என்றால் இடுக்கி சாயும், பாரம் ஒருவன் மேல் இறங்கும். அதனால் மேஸ்திரி உயரம் பார்த்துத்தான் ஜோடி சேர்ப்பார். எந்தத் தெரு என்று பார்க்க மாட்டார். பொன்னுராஜ் பையன்களை ரயில்வே ஸ்டோர் சுவரில் சாய்த்து நிறுத்தி, தலைக்கு மேல் சாக்பீஸ் கோடு போட்டார். ஒத்த கோடு, ஒரே ஜோடி.

"உயரத்தோட எவன் போய்ச் சண்டை போடுறது?" என்று சொல்லிவிட்டுப் போனார் காளிராஜ். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் அவருக்கு. படைக்கு வேண்டிய கட்டுத்துணியெல்லாம் அவர் கொடுத்ததுதான். அவர் மகன் தனுஷ்கோடி படையிலேயே நெட்டை. கேங்மேன் இருளப்பசாமியின் மகன் சீனிச்சாமி படையிலேயே குட்டை. அதனால் இருவரும் ஒருநாளும் ஜோடி சேர வேண்டியிருக்கவில்லை. காளிராஜுக்கு அதில் நிம்மதிதான்.

1987 புரட்டாசி முதல் சனிக்கிழமை, மம்சாபுரத்து வெள்ளத்தாய் வெறும் வயிற்றோடு மலை ஏறினாள். சன்னதிக்குச் சில படிகளே இருக்கும்போது கண் இருட்டி உட்கார்ந்தாள், அப்படியே சாய்ந்தாள். தனுஷ்கோடியும் அவன் உயரத்துப் பையன் ஒருவனும் ஸ்ட்ரெச்சரோடு ஓடினார்கள். இரண்டு மூங்கில், நடுவே சாக்கு. படியில் ஆளோடு இறங்குவது அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. அவளைக் கிடத்தி, கால் பக்கம் முன்னால் வர, கீழே இறங்கத் தொடங்கினார்கள். இரண்டாவது படியிலேயே ஸ்ட்ரெச்சர் கீழ்நோக்கிச் சாய்ந்தது. வெள்ளத்தாய் சாக்கில் வழுக்கி, முன்னால் போனவன் முதுகில் மோதி, படியில் விழுந்தாள். கணுக்கால் பிசகிவிட்டது.

விழுந்த அதிர்ச்சியில் மயக்கம் தெளிந்துவிட்டது. "ஏலே, பெருமாளைப் பாக்க வந்தவளைப் பாக்கவிடாமக் கீழ உருட்டிட்டீகளே, நீங்க வெளங்குவீகளா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோயில்காரர்கள் சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை தண்ணீர் கொடுப்பதோடு நின்றுகொள்ளுங்கள், தூக்குவதென்றால் எங்களுக்கு நம்பிக்கை வரும்படி செய்து காட்டுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

தூக்குகிற வேலை போனால் படையும் போய்விடும் என்று பொன்னுராஜுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்ற எல்லாத் தெருக்காரர்களும் சேர வேண்டியதில்லை. அவரவர் தெருவுக்கு ஒரு பந்தல் போட்டுக்கொள்வார்கள்.

மறுநாள் சர்ச் முடிந்ததும் ஸ்ட்ரெச்சரையும் ரசமட்டத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஓடைப் பாலத்துக்குப் பக்கத்தில் ரயில் கரையிலிருந்து கீழே இறங்கக் கல் படிகள் உண்டு. மலைப்படி போலவே செங்குத்து. கூடப் போன மனைவி தங்கபாய் ஒரு முனையைப் பிடித்தாள். மூங்கிலில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி மேல் முனைக்கு ஓடி ஒட்டிக்கொண்டது.

"ஏன் சார், ஒங்க தண்டவாளத்துல படிக்கட்டு உண்டா?" என்றாள் தங்கபாய். கேலி செய்யும்போது அவளுக்கும் அவர் சார்தான்.

"இல்ல."

"அப்பப் பொறவு? மட்டத்துல நடக்குறவனுக்குப் போட்ட கணக்கைப் படியில எறங்குறவனுக்குப் போட்டா?"

கீழ்ப்பக்கத்தைத் தோளில் வைத்து, மேல்பக்கத்தைத் தொங்கும் கையில் பிடித்துப் பார்த்தார்கள். குமிழி கொஞ்சம் இறங்கியது, நடுவுக்கு வரவில்லை. இன்னும் ஒரு சாண் வேண்டும். கீழே இருப்பவன் நெட்டையாகவும் மேலே இருப்பவன் குட்டையாகவும் இருந்தால் அந்த ஒரு சாண் கிடைத்துவிடும். ஆனால் பாரத்தில் பெரும்பங்கு கீழே இருப்பவன் தோளில்தான் இறங்கும்.

புதன்கிழமை மாலை பையன்களைக் கூட்டி, "ஜோடி சேத்ததுல தப்பு என்னோடது. மாத்துறேன்" என்றார். சுவரோரம் உயர வாரியாக நிறுத்தி, ஒரு கோடியிலிருந்து ஒருவனும் மறு கோடியிலிருந்து ஒருவனுமாக ஜோடி சேர்த்தார். தனுஷ்கோடிக்கு சீனிச்சாமி வந்தான்.

வியாழக்கிழமை காலையில் காளிராஜ் வந்துவிட்டார். பொன்னுராஜ் ஓடைப் பாலத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். கேங்மேன்கள் கல் அடைப்பதை நிறுத்தாமல் காதை மட்டும் இங்கே வைத்துக்கொண்டார்கள்.

"நேத்து ஒரு சட்டம், இன்னைக்கு ஒரு சட்டமா? எம்மகன் கீழ நின்னு பாரம் சொமக்கணும், இருளப்பன் மகன் மேல நின்னு சும்மா பிடிச்சிக்கிட்டு வருவானாக்கும்?"

"நெட்டையா வளந்தவன் கீழதான் நிக்கணும், அண்ணாச்சி. சீனிச்சாமி நெட்டையா இருந்தா அவன் நின்னுருப்பான்."

"எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். பையனை நிப்பாட்டிக்கிடுறேன். துணியும் வராது."

"நிப்பாட்டுங்க. அதுக்கு முன்னால சாயங்காலம் ஒருதடவை வந்து படுத்துப் பாருங்க."

"எங்க படுக்க?"

"ஸ்ட்ரெச்சர்ல. பொறவும் வேண்டாம்னு சொன்னா நான் கேக்கல."

கேங்மேன்களில் யாரோ இருமினார்கள். பயந்துவிட்டார் என்று பேச்சு வருமே என்றுதான் சாயங்காலம் காளிராஜ் பாலத்துப் படிகளுக்கு வந்தார். கனத்த உடம்பு. வேட்டியை இறுக்கிக்கொண்டு படுத்தார். முதலில் பழைய ஜோடி, தனுஷ்கோடியும் அவன் உயரத்துப் பையனும் தூக்கினார்கள். இரண்டு படி இறங்குவதற்குள் அவர் இரண்டு மூங்கிலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு, "ஏலே, ஏலே, விட்டுறாதீக! தனுசு, நிறுத்துலே!" என்று கத்தினார்.

"பிடிச்சிக்கிட்டீக, அண்ணாச்சி. மயங்குனவுக பிடிக்க முடியாதுல்லா" என்றார் பொன்னுராஜ்.

அடுத்து புது ஜோடி. தனுஷ்கோடி கீழ்ப்படியில் நின்று மூங்கில்களைத் தோளில் ஏற்றிக்கொண்டான். கழுத்து நரம்பு புடைத்தது. மேலே சீனிச்சாமி கைகளை நீட்டித் தொங்கவிட்டுப் பிடித்திருந்தான்.

"எட்டு வைடா" என்றான் தனுஷ்கோடி.

"நீ வையி, நான் வாரேன்" என்றான் சீனிச்சாமி.

ஒரு படி. இன்னொரு படி. காளிராஜ் பிடியைத் தளர்த்தினார். பாதிப் படியில் கையை எடுத்து நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டார். இறங்கி முடித்த பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

"மொதலாளிக்குத் தூக்கம் வந்துட்டு போல" என்றார் இருளப்பசாமி.

காளிராஜ் எழுந்து வேட்டியைத் தட்டினார். இருளப்பசாமி பக்கம் திரும்பவில்லை. மகனின் தோளைத் தொட்டுப் பார்த்தார். மூங்கில் பதிந்து சிவந்திருந்தது. "தோளுக்கு மெத்து இல்லாமத் தூக்கச் சொல்றீகளே, நீங்கள்லாம் என்ன இஞ்சினியரு? ஆளையும் வரிஞ்சு கட்டணும். பட்டை எம்புட்டு அகலத்துல வேணும்?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை கோயில்காரர்கள் முன்னால் மலைப்படியிலேயே செய்து காட்டினார்கள். சரி என்றார்கள், ஆனால் அரைமனதாக.

சனிக்கிழமை வெயில் ஏறுகிற நேரத்தில் ஒரு மாட்டுவண்டி அடிவாரத்தில் வந்து நின்றது. கணுக்காலில் கட்டோடு வெள்ளத்தாய் உட்கார்ந்திருந்தாள். பொன்னுராஜைப் பார்த்ததும், "ஏய்யா, போன வாரம் பாக்கவிடாம உருட்டுனீகல்லா? இன்னைக்கு நீங்கதான் மேல கொண்டுபோய்க் காட்டணும்" என்றாள்.

கோயில்காரர்கள் பொன்னுராஜைப் பார்த்தார்கள். "ஏறும்போதும் நெட்டையன் கீழதான்" என்றார் அவர். "தனுஷ்கோடி, சீனிச்சாமி, வாங்க."

புது பேண்டேஜ் பட்டையால் இடுப்பையும் மார்பையும் கட்டினார்கள். தலை மேல்பக்கம். சீனிச்சாமி முன்னால் ஏறினான், தனுஷ்கோடி தோளில் வைத்துப் பின்னால் ஏறினான். சாமி கும்பிடப் போனவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். வெள்ளத்தாய், "மெதுவாலே, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவழியில் சொல்வதை நிறுத்திவிட்டாள். பொன்னுராஜ் ரசமட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஏறினார். அதை மூங்கிலில் வைத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

படி முடிந்து சன்னதி முன் சமதரை வந்தது. மட்டத்தில் அந்த ஜோடி சாயும் என்பது அப்போதுதான் அவர் நினைவுக்கு வந்தது, வாயைத் திறந்தார். அதற்குள் தனுஷ்கோடி மூங்கில்களைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் பிடித்து, முழங்காலை மடித்து, சீனிச்சாமியின் உயரத்துக்குத் தன்னைத் தாழ்த்திக்கொண்டு நடக்கத் தொடங்கியிருந்தான்.