தொப்புள் அலுவலகம்

பதினொன்றேகால் அடி நீளம், இரண்டரை அடி அகலம். நீலத்தின் மேல் வெள்ளை எழுத்து. கடற்படை அலுவலக வாசலுக்கான அந்தப் பலகையை எழுதி முடிக்கப் பெயின்டருக்கு மூன்று நாள் பிடித்தது. அவரை எல்லோரும் ‘கோடு’ என்றுதான் கூப்பிடுவார்கள். நூல் பிடிக்காமலே நேர்கோடு போடுகிற கை. ஆங்கிலம் மட்டும் வாசிக்கத் தெரியாது. ‘ஏ’ அவருக்கு ஏணி, ‘ஈ’ மூன்று பல் சீப்பு.

வாசிக்கிற வேலை மச்சானுடையது. மனைவியின் அண்ணன், அதே அலுவலகத்தில் குமாஸ்தா. இருபத்திரண்டு வருடமாக எந்தப் பலகைக்கும் அவர்தான் துண்டுச் சீட்டில் எழுதி, மூலையில் தேதி போட்டுத் தருவார். கோடு அதைப் பெரிதாக்குவார். வேலை முடிந்ததும் சீட்டு கடைச் சுவர் ஆணியில் ஏறிவிடும்.

சீட்டோடு பாடமும் நடக்கும்.

“நேவின்னா சண்டை போடுற படை மாப்ளே. மெர்ச்சன்ட் நேவின்னா சரக்குக் கப்பல்காரங்க, துப்பாக்கி கிடையாது. மெரைன்னா கடல்ல உள்ள எல்லாம், மீன்குஞ்சு கூட மெரைன்தான். ஷிப்புல போட்டை ஏத்தலாம். போட்டுல ஷிப்பை ஏத்தினா?”

“முழுகிடும் மச்சான்.”

“அவ்வளவுதான் இங்கிலீஷு!”

இந்தப் பலகை நன்றாக அமைந்தால், துறையில் நிற்கும் பதினான்கு கப்பல்களுக்கும் பெயரும் எண்ணும் எழுதுகிற வேலை கோட்டுக்கே என்று பேச்சு. வருடம் முழுக்கக் கைக்கு வேலை.

பலகையை மாட்டிய அன்று காலை மாலுமிகள் வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி வெளியே வந்தார். அவர் சிரிக்கவில்லை.

“நேவல்ல ஏ வரணும்யா. நீ ஈ போட்டிருக்கே. படிச்சா ஒரே சத்தம்தான், ஆனா இது தொப்புள். ‘தொப்புள் அலுவலகம்’னு எழுதி வச்சிருக்கே! கப்பல்ல என்ன எழுதுவே, குடல்னா?”

கோடு முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டார். கடைக்கு ஓடிச் சீட்டை எடுத்தார். நான்காவது எழுத்து சீப்பு. மச்சானின் கையெழுத்து.

“அடடா, ஆனைக்கும் அடி சறுக்கும் மாப்ளே. அதிகாரிகிட்ட நான் பேசறேன்,” என்றார் மச்சான்.

“எங்கண்ணன் வேணும்னேவா செய்வாரு? கை தவறியிருக்கும்,” என்றாள் மனைவி. கோடும் அப்படியே நம்பினார்.

ஐந்தாம் நாள் அந்த வாசல் வழியாகப் போனார். ஏணி மேல் மச்சானின் மருமகன், கல்யாணமாகி ஆறு மாதம், அவனும் பெயின்டர்தான். பலகையைத் திருத்திக்கொண்டிருந்தான்.

“வாங்க. முதுகுவலி, ஏணி ஏற முடியலைன்னு கப்பல் வேலையை வேண்டாம்னுட்டீங்களாமே? மாமா சொன்னாரு. பாவம், இப்ப எப்படி இருக்கு?”

கோட்டுக்கு முதுகுவலி வந்ததே இல்லை.

“எதைப் பாத்து எழுதறே தம்பி?”

அவன் சட்டைப் பையிலிருந்து சீட்டை நீட்டினான். நான்காவது எழுத்து ஏணி. அடியில் இரண்டு கோடு. மூலையில் தேதி. எண்கள் கோட்டுக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு. அவருடைய சீட்டிலும் பன்னிரண்டுதான்.

“பன்னிரண்டாம் தேதியே குடுத்துட்டாரு. கூப்பிடறப்ப போனா போதும்னாரு,” என்றான் மருமகன், கள்ளமில்லாமல்.

கோடு அதை வாங்கிக்கொண்டு கடைக்குப் போய்த் தன் சீட்டையும் ஆணியிலிருந்து உருவினார். இரண்டையும் மச்சானின் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்.

மச்சான் தேதிகளைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

“பொண்ணைக் கட்டிக் குடுத்திருக்கேன் மாப்ளே. அவனுக்கு வேலை இல்ல…”

“வாயைத் திறந்து கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனே மச்சான். ஊர் சிரிக்க வச்சீங்களே.”

“தங்கச்சிகிட்ட சொல்லாதே.”

“நான் சொல்லல. ரெண்டு சீட்டையும் அவ முன்னாடி வைக்கறேன். அவளுக்கும் தேதி படிக்கத் தெரியும். உங்க தொப்புள்கொடி உறவு, அவளே திருத்திக்கட்டும்.”

சீட்டுகளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.