எல்லாருக்கும் ஒரே நம்பர்

பகாவ் பட்டணத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் உள்ளே போனால் ஒரு செம்பனைத் தோட்டம் வரும். தொழிலாளர்களின் பழைய லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய ஐம்பது அறுபது மலிவுவிலை வீடுகள், ஒரு மாரியம்மன் கோயில், அதை ஒட்டி ஒரு மண்டபம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மண்டபத்திலிருந்து குமுதவல்லியின் குரல் கேட்கும். குரல் என்பது மரியாதைக்கு. கத்தல்தான்.

"நாலாம் படிவத்துலயே வந்து உக்காருன்னு சொன்னேனா இல்லயா? எஸ்பிஎம் பரீட்சைய எழுதி முடிச்சிட்டு வந்து நின்னா, நான் என்னா மந்திரமா போடுறது?"

திட்டு வாங்குகிறவன் மேசைக்கு முன்னால் நிற்பான். பின்னால் நிற்கும் அவன் அம்மா, "நல்லா கேளுங்க அக்கா" என்று எடுத்துக் கொடுப்பாள்.

குமுதவல்லிக்கு நாற்பத்திரண்டு வயது. பகாவில் ஒரு லாரி கம்பெனியில் கிராணி வேலை. எந்த லாரி எங்கே போனது, எந்த டிரைவர் லீவு கேட்டான் என்று எழுதி வைக்கிற வேலை. புருஷன் குணாளன் செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பல்கலைக்கழகத்தின் உட்புறம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் அதன் வாசலுக்குப் போகிற வழி அவளுக்கு அத்துபடி. ஒன்பது வருஷத்துக்கு முன் அக்கா மகனுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாள், அவனுக்கு இடம் கிடைத்தது. அடுத்த வருஷம் பக்கத்து வீடு. அதற்கடுத்த வருஷம் பக்கத்துத் தோட்டம்.

பள்ளி முடிய இன்னும் ஒரு வருஷம் பாக்கியிருக்கிற நாலாம் படிவப் பிள்ளைகளை அவள் பிடித்து வைத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பரீட்சை மார்க் மட்டும் போதாது. விளையாட்டு, சங்கம், சாரணர் மாதிரிச் சீருடை இயக்கம் எல்லாவற்றுக்கும் புள்ளி இருக்கிறது. அதைக் கடைசி வருஷத்தில் தேட முடியாது. அதனால் ஆளுக்கு ஒரு நீல ஃபைல். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல், பள்ளிச் சான்றிதழ்கள். கோயில் திருவிழாவில் மோர் ஊற்றியதற்கு நிர்வாகம் கொடுத்த சான்றிதழைச் சிலர் பெருமையாக முதல் பக்கத்தில் வைத்திருப்பார்கள். "இது சாமிக்குத் தெரியும், அது போதும்" என்று உருவிக் கொடுத்துவிடுவாள். நேர்முகத்துக்குப் பழக்குவதும் உண்டு. பிள்ளைகள் கேள்வி கேட்டதும் தலையைக் குனிந்துகொள்வார்கள். "தரையில என்னா பதிலா எழுதி ஒட்டியிருக்கு? என்னைப் பாரு" என்பாள்.

எல்லாம் சொல்லிக் கொடுப்பாள். ஒன்றைத் தவிர. விண்ணப்பத்தைப் பிள்ளைகளை நிரப்ப விடமாட்டாள்.

அதில் அவளை மட்டும் குறை சொல்லிப் பிரயோசனமில்லை. தோட்டத்தில் மூன்று தலைமுறையாக எழுத்து வேலை என்றால் கிராணி வேலை. கையெழுத்தைப் போட்டு வெறும் தாளை நீட்டிவிட்டு, "நீங்களே பாத்துப் போட்டுருங்க" என்று போய்விடுவார்கள். தாள் போய்க் கணினி வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. இப்போது கையெழுத்துக்குப் பதில் பாஸ்வேர்டைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். நீங்களே பாத்துப் போட்டுருங்க என்று கேட்கும்போது குமுதவல்லிக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றுதான் இருக்கும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இரண்டாம் வருஷம் ஒரு பையனின் ஹேன்போன் நம்பர் டாப்-அப் போடாமல் செத்துப்போய், அவனுக்கு வந்த அழைப்பு யாருக்கும் தெரியாமலே போனது. அன்றைக்கு முடிவு செய்தாள். அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையின் விண்ணப்பமானாலும் தொடர்பு எண் குமுதவல்லியின் எண். மின்னஞ்சலும் அவளுடையது. யாருடைய விண்ணப்ப எண் எது, பாஸ்வேர்டு எது என்பதற்கு ஒரு நீள நோட்டு. சேதி வந்ததும் தாய்மார்களின் வாட்ஸாப் குழுவில் போடுவாள். ஏழு வருஷம் ஒரு பிசகும் இல்லை. கோயில் ஆண்டுக்கூட்டத்தில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள்.

லோஷினி இந்த வருஷத்துப் பிள்ளை. அப்பா நல்லசாமி செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார், அம்மா தாயம்மா பள்ளிக் கேன்டீனில் சமைக்கிறாள். லோஷினிக்கு ஒரே ஆசை. தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக வேண்டும். நாலாம் படிவத்தில் முதல் நாள் மண்டபத்துக்கு வந்தபோதே சொல்லிவிட்டாள். குமுதவல்லி பல்கலைக்கழகத்துக்கு முந்தின மெட்ரிகுலேஷன் படிப்பு என்றாள், டிப்ளோமா என்றாள், எதற்கும் அவள் மசியவில்லை. சரி என்று ஆசிரியர் பயிற்சிக்கே விண்ணப்பம் போட்டாள். அதே நாள், அதே மேசை, அடுத்த பத்து நிமிடத்தில் முகுந்தன் என்கிற பையனுக்கும் அதையே போட்டாள்.

நேர்முக அழைப்புகள் வரத் தொடங்கின. தாயம்மா இரண்டு தடவை போன் செய்தாள். "லோஷினி கேக்கச் சொல்றா அக்கா, ஏதும் வந்துச்சான்னு."

"வந்தா நான் சொல்லமாட்டேனா? வச்சிக்கிட்டு என்னா செய்யப்போறேன்? பேசாம இருக்கச் சொல்லுங்கலா."

மூன்றாம் நாள் சேதி வந்தது. அதில் பெயர் இல்லை, விண்ணப்ப எண் மட்டும். எதிரே இரண்டு டிரைவர்கள் சாவிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். குமுதவல்லி நோட்டைத் திறந்தாள், விரலை வைத்தாள், மேல் வரியைப் படிக்க வேண்டியவள் கீழ் வரியைப் படித்தாள். இரண்டு எண்ணுக்கும் கடைசியில்தான் வித்தியாசம். முகுந்தனின் அம்மாவுக்கு வாழ்த்து அனுப்பிவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்த புதன்கிழமை காலை எட்டு ஐம்பதுக்கு, சிரம்பானில் நேர்முகம் நடக்கிற மண்டப வாசலிலிருந்து முகுந்தன் அழைத்தான். "அக்கா, என் பேரு லிஸ்ட்ல இல்லையாம். அந்த நம்பரு லோஷினியோடதாம். ஒன்பதரைக்கு அவளுக்கு."

குமுதவல்லி நோட்டைத் திறந்து பார்த்தாள். மேல் வரி. தாயம்மாவை அழைத்தாள். லோஷினி பகாவில் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் தற்காலிக வேலைக்குப் போயிருக்கிறாளாம். நல்லவேளை, கம்பெனியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் காரை எடுத்தாள். ஃபைல்கள் எப்போதும் காரின் பின்சீட்டில்தான் இருக்கும். கல்லாவில் கடைப்பெயர் போட்ட சிவப்பு டீ-ஷர்ட்டோடு நின்ற பெண்ணைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஏற்றினாள்.

பகாவிலிருந்து சிரம்பானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். முன்னால் குலை லாரி போனால் இன்னும் கூட. அன்றைக்கு இரண்டு லாரி போனது. பாதி தூரத்தில் லோஷினி சொன்னாள்.

"ரெண்டு தடவ கேட்டேன் அக்கா."

"தப்பு என்னுதுதான்மா."

"தெரியும்."

குமுதவல்லிக்கு அழ வேண்டும்போல் இருந்தது. அழுதால் சாலை தெரியாது என்று அடக்கிக்கொண்டாள்.

ஊருக்குள் நுழையுமுன் பெட்ரோல் நிலையத்தில் நிறுத்தினார்கள். சிவப்பு டீ-ஷர்ட்டோடு நேர்முகத்துக்குப் போக முடியுமா? கழிப்பறையில் இருவரும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். குமுதவல்லியின் வெள்ளைச் சட்டை லோஷினிக்குத் தொளதொளவென்று இருந்தது. லோஷினியின் டீ-ஷர்ட் குமுதவல்லிக்கு எப்படி இருந்தது என்பதை எழுதாமல் விடுவது நல்லது.

பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தபோது லோஷினியின் குழு உள்ளே போய் வெளியேயும் வந்துவிட்டது. மேசையில் ஒரு மலாய்க்கார அம்மா. குமுதவல்லி முன்னால் பாய்ந்து மலாயில் ஆரம்பித்தாள். ஒன்பது வருஷ அனுபவம், தோட்டத்துப் பிள்ளை, கஷ்டப்பட்ட குடும்பம். அந்த அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீங்கள் யார்? சூப்பர்மார்க்கெட்டிலிருந்தா?" என்று கேட்டார்.

லோஷினி அவள் முழங்கையைத் தொட்டாள். "அக்கா, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காருங்க."

குமுதவல்லி உட்கார்ந்தாள். அவளுக்கு இது புதுசு. மேசையில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. லோஷினி தலையைக் குனியாமல் பேசுவது மட்டும் தெரிந்தது. இடையில் ஒரு தடவை அந்த அம்மா பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

"கடைசிக் குழுவுல ஒருத்தரு வரலன்னா பாக்கறாங்களாம்" என்றாள் லோஷினி திரும்பி வந்து. "அழைப்பு எனக்கு ஏன் தெரியலன்னு கேட்டாங்க. என் ஃபாரத்துல என் நம்பர் இல்லன்னு சொன்னேன். என் நம்பரயும் ஈமெயிலயும் எழுதிக் குடுத்துட்டேன், மாத்திருவாங்க."

"நல்லது" என்றாள் குமுதவல்லி. அந்த வார்த்தை அவளுக்குக் கசந்தது.

மாலை நான்கு மணிக்கு ஒருத்தர் வரவில்லை. லோஷினி உள்ளே போனாள். நாற்பது நிமிடம் கழித்து வந்தாள். பெட்ரோல் நிலையத்தில் மறுபடி சட்டையை மாற்றிக்கொண்டு ஊர் திரும்பினார்கள்.

தோட்டத்தில் ஒருவர்கூட அவளைத் திட்டவில்லை. அதுதான் குமுதவல்லிக்குத் தாங்க முடியவில்லை. நல்லசாமி, "எங்க நேரம் சரியில்ல, நீங்க என்னா செய்வீங்க" என்றார். தாயம்மா பசியாறச் சொல்லித் தோசை வைத்தாள். முகுந்தனுக்கு அந்த அழைப்பு கடைசிவரை வரவேயில்லை, பள்ளியிலேயே ஆறாம் படிவத்தில் சேர்ந்தான். அவன் அம்மாகூட ஒரு சொல் சொல்லவில்லை. யாராவது நாலு வார்த்தை கேட்டிருந்தால் பாரம் குறைந்திருக்கும். சனிக்கிழமை மண்டபத்தில் நாலாம் படிவப் பிள்ளைகள் பதினான்கு பேரையும் சொந்தமாக மின்னஞ்சல் திறக்கச் சொன்னாள். "எதுக்குக்கா? நீங்க இருக்கீங்கள்ல?" என்று தாய்மார்கள் முனகினார்கள். அவர்கள் முனகியதில் கொஞ்சம் சந்தோஷப்பட்டாள் என்பதும் உண்மை.

முடிவு வருகிற மாதம் வந்தது. குமுதவல்லி காலையும் மாலையும் தன் போனைப் பார்த்தாள். மெட்ரிகுலேஷன் கிடைத்த பிள்ளைகளின் சேதி வந்தது, டிப்ளோமா கிடைத்தவர்களின் சேதி வந்தது. லோஷினிக்கு மட்டும் ஒன்றும் இல்லை. வராது என்று தெரிந்தும் பார்த்தாள். விண்ணப்பத்தில் இப்போது இருப்பது லோஷினியின் எண். நோட்டில் இருந்த பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து பார்க்க மனம் வரவில்லை. தாயம்மாவுக்குப் போன் போடலாமா என்று நினைப்பாள். கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வைத்துவிடுவாள்.

பகாவ் பசார் மாலாம் இரவுச் சந்தையில் காய்கறிக் கடை முன்னால் தாயம்மாவே எதிரே வந்தாள். கையில் பை நிறைய சாமான்.

"அக்கா! தெரியும்தானே? லோஷினிக்குக் கெடைச்சிருச்சு."

"எப்ப?"

"திங்கக்கெழமயே வந்துருச்சுலா. அவளே பாத்தா, அவளே ஏத்துக்கிட்டேன்னு அமுக்கிட்டா. அவங்க அப்பாவக்கூடக் கேக்கல பாருங்க." குறை சொல்வதுபோல்தான் சொன்னாள், முகமெல்லாம் சிரிப்பு.

திங்கள்கிழமை. இன்றைக்கு வெள்ளி. ஐந்து நாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று தொண்டைவரை வந்தது. குமுதவல்லி விழுங்கினாள். சந்தோஷம் இல்லாமல் இல்லை. காலே தரையில் நிற்கவில்லை. ஆனாலும் சுருக்கென்று தைத்தது.

"எந்த ஊரு காலேஜு?"

"என்னமோ பேரு சொன்னா, வாயில வரல. நீங்களே அவள கேளுங்களேன்."

குமுதவல்லி போனை எடுத்தாள். லோஷினியின் பெயரைத் தேடினாள். இல்லை. அந்தப் பெண்ணின் பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது, அடையாள அட்டை எண் மனப்பாடம், பிறந்த ஆஸ்பத்திரியின் பெயர்கூடத் தெரியும். ஒன்பது வருஷத்தில் கை வழியாகப் போன அத்தனை பிள்ளைகளில் ஒருவரின் நம்பர்கூட அந்தப் போனில் இல்லை. எல்லாம் அம்மாக்கள்.

"தாயம்மா," என்றாள், "லோஷினி நம்பரு என்னா?"