எஸ்தருக்கு நேரமில்லை

நெசவாளர் ஊரான ஓரிக்கையில் வீடு வீடாகப் போய் பிரஷர் பார்ப்பது எஸ்தரின் வேலை. மாத்திரையை விட்டதற்காக அவளிடம் திட்டு வாங்காத தறிக்காரர் இல்லை. கொரோனா வருஷத்தில் அவள் கணவன் சாமுவேலுக்கும் கொழுந்தனுக்கும் ஒரே வாரத்தில் காய்ச்சல் வந்தது. பிரஷர் மாத்திரையை விடாமல் போட்ட கொழுந்தன் பிழைத்து வந்தான். "நல்லாத்தானே இருக்கறேன்" என்று மாத்திரையை நிறுத்தியிருந்த சாமுவேல் வரவில்லை. பிரஷர் எகிறிக் கிடந்த உடம்பு நோயைத் தாங்கவில்லை என்றார் டாக்டர். அன்றிலிருந்து எஸ்தருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

நேற்று பிரஷர் பார்க்கப் போன வீட்டில், தறியில் உட்கார்ந்திருந்த துர்கா கேட்டாள்: "மூச்சு வாங்கிக்கினு நிக்கிறியே, உன் பிரஷர பாத்தியாமா?"

"எனக்கு இன்னாமா, நல்லாத்தானே இருக்கறேன்."

சொன்ன பிறகுதான் அது யார் பேச்சு என்று எஸ்தருக்கு உறைத்தது. பையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.