லலிதாவுக்கு வெளியே ஒரு மேஜை

நாற்காலியின் முதுகைப் பிடித்து இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "இது சரிப்படாது" என்றாள் லலிதா. அடுத்த மேஜைக்குப் போனாள். தந்தூர் அடுப்புப் புகை நேராக முகத்துக்கு வந்தது. அதற்கடுத்த மேஜைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் இந்திக் காதல் பாட்டைக் கக்கிக்கொண்டிருந்தது. வேப்ப மரத்தடியில் ஒரு மேஜை காலியாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். கிளையில் காக்கைகள் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. "இவங்க வேற பிளான்ல இருக்காங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கையில் தன் ஹெல்மெட்டும் மறு கையில் அவளுடைய கைப்பையுமாக அச்சுதன் மேஜை மேஜையாக வந்துகொண்டிருந்தார்.

புனேக்குப் பக்கத்தில் நிக்டியைத் தாண்டி, பழைய மும்பை ஹைவே ஓரத்தில் இருக்கிறது இந்த சாவ்லி கார்டன். தோட்டத்தில் ஆண்கள் மது கிளாசோடு உட்கார்ந்திருப்பார்கள். மரியாதையான குடும்பங்கள் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், ஏசியில். இது அங்கே எழுதி வைக்காத சட்டம். அதனால் மானேஜர் கோர்படே ஓடி வந்து கண்ணாடிக் கதவைக் காட்டினார்.

"மேடம், ஃபேமிலி செக்ஷன் அந்தர் ஹை."

"ஹம் ஃபேமிலி நஹீ ஹை, பையா" என்றாள் லலிதா.

கோர்படே அந்த இரண்டு நரைத்த தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபேமிலி இல்லாத ஆணும் பெண்ணும் அறுபதை ஒட்டிய வயதில் சேர்ந்து வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. அச்சுதன், ஹெல்மெட்டைத் திரும்பத் தலையில் மாட்டிக்கொண்டால் என்ன என்று யோசிப்பவர் போல நின்றார். லலிதா அதற்குள் வேலி ஓரத்து மேஜையில் உட்கார்ந்து மசாலா பாப்பட் சொல்லியிருந்தாள்.

புனேயில் கூரையில்லாமல் சோறு போடும் இடம் எதுவானாலும் லலிதா போயிருப்பாள். போன இடத்துக்கெல்லாம் ஒரு பெயரும் வைத்திருப்பாள். பாணேரில் ஒரு மொட்டை மாடி ஓட்டல், செடியில் இலையைவிட சீரியல் பல்பு அதிகம். அதற்குப் பெயர் 'கரண்ட் பில்'. ஆற்றங்கரையில் ஒன்று, ஜலதோஷம் பிடித்தவர்கள் மட்டுமே நிம்மதியாகச் சாப்பிடலாம். அது 'மூக்கடைப்பு'. தரை முழுக்க பிளாஸ்டிக் புல் விரித்திருக்கும் இன்னொன்றை 'மாட்டை ஏமாத்துற இடம்' என்பாள். கைப்பையில் கொசு கிரீம், பேப்பர் நாப்கின் பறக்காமலிருக்கத் துணி கிளிப், ஆடும் மேஜைக் காலுக்கு முட்டுக் கொடுக்க அட்டைத் துண்டு எல்லாம் இருக்கும். ஏசியில் உட்காரச் சொல்கிற எவருக்கும் ஒரே பதில்தான்: "நான் என்ன கத்தரிக்காயா, ஃப்ரிட்ஜ்ல வைக்க?"

இந்தப் பிடிவாதம் அவளுக்கு வந்தது ஜோத்பூரில். திருச்சியில் பிறந்து, கல்யாணமாகிப் புனேக்கு வந்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவளுக்கு அதிகாரி பதவி கொடுத்து அந்தப் பாலைவன ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள். கணவர் ரங்கராஜனும் பையனும் புனேயில். போன அன்று சாயங்காலம் நல்ல பசி. ஒரு ஓட்டலின் படியேறினாள். மேலே மொட்டை மாடியிலிருந்து சிரிப்பும் தட்டுச் சத்தமும் கேட்டன. பாதிப் படியில் வெயிட்டர் வழிமறித்து, பலகைத் தடுப்பும் அழுக்குத் திரையும் போட்ட ஒரு ஃபேமிலி கேபினில் அவளை உட்கார வைத்துத் திரையையும் இழுத்து மூடினான். எதிரே சுவரில் ஒரு சிமெண்ட் கம்பெனி காலண்டர். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள்.

"அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு. கோவத்துல ரெண்டு ரொட்டி ஜாஸ்தி சாப்ட்டேன்" என்று அதைப் பற்றிச் சொல்வாள்.

மறுநாள் அதே வெயிட்டரைத் தள்ளாத குறையாகத் தாண்டி மாடிக்குப் போய் நடு மேஜையில் உட்கார்ந்தாள். பகலெல்லாம் காய்ந்த கல்தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது. ஆனால் காற்று குளிர்ந்திருந்தது. எதிரே குன்றின் மேல் விளக்குப் போட்ட கோட்டை. பருப்பில் மணல் கடிபட்டது. "பகல் பூரா நம்மள வறுத்தெடுக்கிற ஊரு, சாயங்காலமானா மன்னிப்பு கேக்கும். அத வெளிய உக்காந்துதான் வாங்கிக்கணும்" என்பது அவள் கட்சி. அந்த ஊரில் இருந்தவரை மாடி மாடியாகத் தேடிப் போய்ச் சாப்பிட்டாள்.

புனேக்குத் திரும்பிய பிறகு அது நின்றுபோயிற்று. ரங்கராஜனுக்குத் தூசி ஆகாது. எங்கே போனாலும் உள்ளே, மூலையில், ஃபேனுக்கு நேர் கீழே. தண்ணீர்கூட வீட்டிலிருந்து வரும். "நல்ல மனுஷன்" என்பாள் லலிதா. கொஞ்சம் விட்டு, "தூசிக்குப் பயந்த நல்ல மனுஷன்" என்பாள். அவர் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. அவள் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், ஓர் ஆட்டோ பிடித்துப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து பிட்லா பாக்ரி சாப்பிட்டதுதான். கடலைமாவுக் கூழும் சோள ரொட்டியும். கூடவே கண்ணில் நீர் வரவைக்கிற தேச்சா, அதாவது பச்சை மிளகாய்த் துவையல்.

அச்சுதனை அவள் பிடித்தது நிக்டி பார்க்கில். கோயமுத்தூர்க்காரர், ஆகுர்டியில் ஒரு வண்டித் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். வாக்கிங் போகிற பாதையின் கடைசி பெஞ்சில், செடி மறைவில் உட்கார்ந்து பேக்கரி பப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

"ஒளிஞ்சு சாப்ட்டா சுகர் ஏறாதா?" என்று தமிழில் ஒரு குரல் கேட்டதும் அவருக்குப் புரையேறிவிட்டது.

இருமி முடித்துவிட்டு, "பாதி வேணுங்களா?" என்றார்.

அந்தப் பதிலுக்காகத்தான் லலிதா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். அதிலிருந்து சனிக்கிழமை தோறும் அவருடைய ஸ்கூட்டரில் ஏதாவது ஒரு தோட்டம். இது என்ன கணக்கு என்று தோழி சரசா ஒருமுறை கேட்டாள். கல்யாணம் கில்யாணம் என்று யோசனையா?

"போடி. ஒருத்தருக்கு வடிச்சுப் போட்டதே போதும். இவரு பக்கத்துல உக்காந்து சாப்பிடறாரு. நான் பேசறேன், அவரு கேக்கறாரு. அவ்ளோதான்."

அவ்வளவுதான் என்று மற்றவர்களும் விட்டிருக்கலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை சாவ்லி கார்டனின் ஏசி அறையில் தமிழ்ச் சங்கச் செயலாளர் பக்தவத்சலம் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு வெளியே லலிதாவைப் பார்த்தார். எதிரே ரங்கராஜன் இல்லாத ஒருவரைப் பார்த்தார். சங்கத்தின் நலன் கருதி வெளியே வந்து, மறைவாக நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மறுநாள் லலிதாவின் மகன் ஹரிபிரசாத் வாகட்டிலிருந்து மனைவி ரீனாவோடு வந்துவிட்டான். ஐடி கம்பெனியில் பெரிய வேலை. தமிழ் மட்டும் அவனுக்குத் தயங்கித் தயங்கி வரும்.

"மா, பக்தவத்சலம் அங்கிள் உன் போட்டோ அனுப்பினாரு. நான் ஒண்ணும் ஓல்டு டைப் இல்ல. உனக்கே தெரியும்."

"அப்புறம்?"

"பட் வெளியில… ஹைவே மேல… சப் லோக்… எல்லாரும் பாக்கற மாதிரி. உள்ள உக்காந்தா என்ன?"

"உள்ள உக்காந்தா பரவாயில்லையா?"

"உள்ளன்னா யாருக்கும் தெரியாதுல்ல."

"தெரியாம செய்யறதுக்கு அதுல என்னடா இருக்கு? பாக்ரி திங்கறோம்."

ரீனா காபி டம்ளருக்குள் சிரித்தாள். ஹரிபிரசாத்துக்கு முகம் சிவந்தது. "அப்பா இருந்தா…" என்று ஆரம்பித்து நிறுத்தினான்.

லலிதா எழுந்தாள். டம்ளர்களை எடுத்துப்போய்த் தொட்டியில் போட்டாள். அங்கேயே, திரும்பாமல் சொன்னாள்: "உங்கப்பா இருந்தா அவரோட போயிருப்பேன். எத்தனை தடவ கேட்டிருக்கேன் தெரியுமா? ஒரே ஒரு தடவ வெளிய உக்காரலாம்னு."

அவன் கார் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தான். வியாழக்கிழமை அச்சுதனே போன் செய்தார்.

"கோயமுத்தூர்ல இருந்து என்ற பொண்ணு கீர்த்தி கூப்புட்டுச்சுங்க. யாரோ போட்டோ அனுப்பியிருக்காங்களாம். கொஞ்ச நாளைக்கு… வேண்டாமுங்களே."

"போட்டோல நான் எப்படி இருக்கேன்?"

"நீங்க நல்லாத்தானுங்க இருக்கீங்க. எனக்குத்தான் வாயி நெறைய ரொட்டி."

லலிதா சத்தமாகச் சிரித்துவிட்டுத்தான் போனை வைத்தாள். ஆனால் அன்று வாக்கிங் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

சனிக்கிழமை மதியம் மழை கொட்டித் தீர்த்து, சாயங்காலம் விட்டிருந்தது. லலிதா ஆட்டோ பிடித்து சாவ்லி கார்டனுக்குத் தனியாகப் போனாள். கோர்படே இந்த முறை கண்ணாடிக் கதவைக் காட்டவில்லை. ஒவ்வொரு மேஜையின் நடுவிலும் பெரிய பெரிய குடைகளை விரித்து வைத்திருந்தார். அவரே துண்டை எடுத்து ஒரு நாற்காலியைத் துடைத்து, அதை ஆட்டியும் காட்டினார்.

பாக்ரி வந்தது. பின்னாலேயே பக்தவத்சலமும் வந்தார். உள்ளே அவருடைய மைத்துனர் குடும்பம், பெரிய கூட்டம்.

"என்னம்மா, தனியா உக்காந்திருக்கீங்க? பாக்கவே கஷ்டமா இருக்கு. உள்ள வாங்க, எங்களோட சாப்பிடலாம்."

"நீங்க வெளிய வாங்களேன், சார்."

"ஐயோ, கொசு பிடுங்கும்மா."

"போட்டோ எடுக்கறப்ப பிடுங்கலையா?"

பக்தவத்சலம் ஏதோ போன் வந்துவிட்டதுபோல வெறும் போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனார். லலிதாவுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்துபோயிற்று. பிறகு இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல எதிரே ஆளைத் தேடினாள். நாற்காலி காலியாக இருந்தது. ஜோத்பூரில் தனியாகச் சாப்பிட்டது எத்தனை இஷ்டமாக இருந்தது! அப்போது வீட்டுக்குத் திரும்பினால் கடிதம் எழுத ஆள் இருந்தது. இன்று பாக்ரியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே போட்டாள். தண்ணீரைக் குடித்தாள். கோர்படே பார்க்கிறாரே என்று இன்னொரு வாய் எடுத்து வைத்தாள்.

"தேச்சா எங்க மா? எல்லாத்தையும் நீங்களே முடிச்சுட்டீங்களா?"

ரீனா. பின்னால், கார் சாவியை ஆட்டிக்கொண்டு ஹரிபிரசாத். மாமியாரை வீட்டில் காணாமல், எங்கே இருப்பாள் என்று யோசிக்கக்கூடத் தேவையில்லாமல் அவனை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள் ரீனா. அவள் ஈர நாற்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவன் கைக்குட்டையால் துடைத்து, இன்னொரு முறை துடைத்து, நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான். இந்த விஷயத்தில் அப்படியே அப்பா.

பாக்ரி இரண்டாவது சுற்று வந்தபோது கேட் பக்கம் ஒரு ஸ்கூட்டர் நின்றது. அச்சுதன் ஹெல்மெட்டைக் கழற்றித் தோட்டத்தைப் பார்த்தார். லலிதாவைக் கண்டுபிடித்தார். அருகிலேயே அவள் மகனையும் கண்டுபிடித்தார். உடனே ஹெல்மெட் மறுபடி தலைக்கு ஏறியது. வண்டியைத் திருப்பினார்.

"அச்சுதன்!" என்று லலிதா போட்ட சத்தத்தில் தோட்டத்துக் கிளாஸ்கள் எல்லாம் அந்தரத்தில் நின்றன. "எங்க போறீங்க? வண்டிய ஓரமா போட்டுட்டு வாங்க! ரொட்டி ஆறுது!"

வந்தார். ஹரிபிரசாத்தைப் பார்த்துக் கைகூப்பினார். "வணக்கமுங்க தம்பி. நானு அச்சுதன்."

"தெரியும் அங்கிள். போட்டோ பாத்தேன்" என்றான் ஹரிபிரசாத். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று புரிந்து தலை குனிந்துகொண்டான். ரீனா அச்சுதன் பக்கம் தட்டை நகர்த்தினாள்.

அச்சுதன் லலிதாவிடம் மட்டும் சொல்வதுபோல, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கீர்த்திகிட்டப் பேசிப்போட்டனுங்க. அந்த போட்டோவுல அப்பன் சிரிச்சிட்டிருக்கறது தெரியுதா கண்ணுன்னு கேட்டேன். போனை வெச்சிருச்சு. சரி, அவ்வளவுதான்னு நெனச்சேன். இன்னிக்கு மத்தியானம் அதுவே கூப்புட்டு, என்ன சாப்புட்டீங்க அன்னைக்குன்னு கேக்குது."

"என்ன சொன்னீங்க?"

"சோளரொட்டின்னேன். சுகருக்கு நல்லதுன்னு சொல்லுச்சுங்க."

லலிதா சிரித்த சிரிப்பு ஏசி அறைக்குள்ளும் கேட்டிருக்க வேண்டும். பக்தவத்சலத்தின் மேஜையில் அத்தனை பேரும் திரும்பினார்கள். மைத்துனர், மைத்துனர் மனைவி, குழந்தைகள் எல்லாம் வரிசையாகக் கண்ணாடியில் முகத்தை வைத்தார்கள். ஒருவர் கையில் போன் உயர்ந்தது. ஹரிபிரசாத் அதைப் பார்த்தான். எழுந்து, மேஜைக்கு நடுவிலிருந்த குடையின் கம்பைப் பிடித்து, அதைக் கண்ணாடிச் சுவர் பக்கமாகச் சாய்த்தான். நான்கு பேரும் கண்ணாடிக்குத் தெரியாமல் மறைந்துபோனார்கள். அச்சுதன் நிம்மதியாக ஒரு மூச்சு விட்டார்.

லலிதா மகனைப் பார்த்தாள். அவன் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கன்னத்தை எச்சில் படாத புறங்கையால் ஒருமுறை தட்டினாள். பிறகு எழுந்து, இடது கையால் கம்பிலிருந்த கொக்கியை விடுவித்தாள். குடை பட்டென்று மடங்கிற்று. அதன் மேல் தேங்கியிருந்த மழைத் தண்ணீரெல்லாம் ஹரிபிரசாத்தின் சட்டையில் கொட்டியது. லலிதா கடைசி மடிப்பையும் நீவி விட்டு, நாடாவைச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.