மலை மந்திர் படிகளில் ஓர் எச்சரிக்கை

தில்லி ஆர்.கே.புரம் மலை மந்திரில் முருகனை வணங்கிவிட்டு, பிரசாதப் பழத்தோடு படியிறங்குகிறேன். கூட்டுப் பயிற்சிக்கு வந்த நட்பு நாடுகளின் ராணுவ அதிகாரிகள் வெறுங்காலோடு ஏறிப்போகிறார்கள். கடைசியில் வருபவர் அவர்களை அழைத்துவந்த நம் விமானப்படை அதிகாரி, திருநெல்வேலிப் பெண். என்ன பயிற்சி என்று அவரிடம் கேட்கிறேன்.

“ஏவுகணைத் தடுப்பு, அண்ணாச்சி. யார் ராடார்ல முதல்ல தெரிஞ்சாலும் அடுத்த நாட்டுக்கு உடனே சொல்லிரணும். அவங்க ஊர்லயும் பிள்ளைக தூங்குதுல்லா?”

அதற்குள் மேலே முதலில் போனவர், “குரங்கு!” என்று கத்துகிறார். அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று அந்தத் தமிழ்ச்சொல் விதவிதமான உச்சரிப்பில் என்னிடம் இறங்கி வருகிறது. பழத்தைச் சட்டைக்குள் மறைக்கிறேன். அதைக் குறிவைத்து இறங்கி வந்த குரங்கு ஏமாந்து தாவிப்போகிறது.

“வர்ற வழியில நாந்தான் சொல்லிக்குடுத்தேன்,” என்கிறார் பெருமையாக.

எனக்கு அவரைவிடப் பெருமை. முதலில் பார்த்தவருக்குப் பழத்தைக் கொடுக்க மறுபடியும் படியேறுகிறேன்.