என்னைக் காப்பாற்றிய ஞாயிறு

எங்கள் சபையில் பலவீனர்கள்மேல் எல்லாருக்கும் அக்கறை அதிகம். அவர்களுடைய விசுவாசத்துக்கு இடறலாக யாரும் எதையும் செய்யக்கூடாது என்று, சபை மூப்பரான என் பெரியப்பா மாதம் ஒருமுறையாவது பிரசங்கிப்பார். அந்தப் பலவீனர்கள் யாரென்று நான் கேட்டதில்லை.

சித்தப்பா இறந்த பிறகு, தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டில் இருந்த அவருடைய பூக்கடையைச் சித்திதான் நடத்திவந்தாள். ராமாபுரத்து இந்துக் குடும்பத்துக்காரி. எனக்கு ஒன்பது வயதான வருடம் ஈஸ்டருக்கு, யாரும் வற்புறுத்தாமலே ஞானஸ்நானம் எடுத்தாள். கேள்விப்பட்ட அவளுடைய அண்ணன்மார், இனி எங்கள் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறுதோறும் பீடத்து ஜாடிக்கு ரோஜா அவள் கூடையிலிருந்துதான் வரும்.

தசராவில் வந்தது வினை. ஆயுதபூஜையன்று சித்தி ஓர் ஆட்டோவின் முகப்பில் சாமந்தி மாலை கட்டிக்கொண்டிருந்ததை யாரோ படமெடுத்துச் சபையின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அடுத்த ஞாயிறு திருவிருந்து. முழங்காலிட்டுக் கைநீட்டியிருந்த சித்தியைத் தாண்டி அப்பத்தட்டு நகர்ந்தது. பெரியப்பா எழுந்தார்.

“பூ விக்கறது பாவம்னு சொல்லலம்மா. விக்கிரகம் ஒண்ணுமில்லைனு நமக்குத் தெரியும். பலவீனமானவங்களுக்குத் தெரியுமா? இந்தப் பிள்ளை பாத்து இடறிப்போனா யாரு பதில் சொல்றது?”

அவர் விரல் என்னைக் காட்டியது. அதுவரை சபையில் என்னை நோக்கி விரல் நீண்டதெல்லாம் பேசாதே என்பதற்குத்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் பலவீனமாக வைத்துக்கொண்டேன்.

“ஆயுதபூஜைக்குப் பூ விக்காம வருசம் பூரா என்னத்தத் திங்கறதுங்க மாமா?” என்றாள் சித்தி.

“அதுக்காக ஜெபிப்போம்மா.”

சித்தி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போனாள். அவள் கொண்டுவந்த ரோஜா பீடத்திலேயே இருந்தது. அது மட்டும் யாருக்கும் இடறலாகத் தோன்றவில்லை.

தை மாதம் அம்மாவோடு மார்க்கெட் போனபோது சித்தியின் நெற்றியில் திருநீறு இருந்தது. அண்ணன்மார் அவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஏன் சர்ச்சுக்கு வருவதில்லை என்று கேட்டேன்.

“நா வந்தா உனக்கு ஆகாதாமே கண்ணு,” என்று சொல்லி, ஒரு முழம் மல்லிகையை என் தலையில் வைத்தாள். அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

பெரியப்பாவின் போதனையில் இன்றும் நான் குறை காணவில்லை. பலவீனரைக் காக்கத்தான் வேண்டும். அன்று அந்த மண்டபத்தில் அப்படி ஒருத்தி இருந்தாள். விசுவாசத்துக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது, போக வேறு வீடும் இல்லை. அவள் கைநீட்டிக் காத்திருந்தபோது, பலவீனர் நான்தான் என்று நம்பி, என்னைக் காப்பாற்றிவிட்டார்கள் என்ற மகிழ்ச்சியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.